வீட்டுக்குள்ளிருந்தே ஆபத்து: போலீஸா, 1098ஆ, நீதிமன்றமா, மனநல மருத்துவரா?

குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டவர் வெளியாள் என்றால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அதுவே அப்பாவாகவோ தாத்தாவாகவோ சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருந்துவிட்டால், விஷயம் தெரிந்த பெரியவருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. அம்மா, அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராக இருந்தாலும் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது: “கேஸ் போட்டால் குடும்பம் சிதறிவிடும். கவுன்சிலிங் மட்டும் கொடுத்தால் போதாதா?”

இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்காக. தமிழ்நாட்டில் இன்று அவர் முன்னால் இருக்கும் ஐந்து வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டமா சிகிச்சையா என்பது இரண்டாவது கேள்வி. இன்றிரவு அந்த வீட்டைவிட்டு வெளியேறப்போவது யார், குழந்தையா, தவறு செய்தவரா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தராத எந்த வழியும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் படியாக இருக்க முடியாது.

இது எங்கோ ஒரு வீட்டுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு குழந்தை சொல்லியிருக்கிறது என்றால், அதுவே அபூர்வம்.

## முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

நடந்தது பாலியல் தொடர்பானது என்றால் அது போக்சோ சட்டத்துக்குள், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்துக்குள், வருகிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. 18 வயது நிரம்பாத எல்லாக் குழந்தைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே, பொருந்தும். இதன் 19ஆவது பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அம்மா என்பதால் விலக்கு இல்லை. டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் ஆசிரியருக்கும் இல்லை. குழந்தைக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே இந்த வகையில் ‘புகார் கொடுக்கலாமா’ என்ற தேர்வே கிடையாது. எந்த வாசல் வழியாகப் போவது, யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

அடி, சூடு போடுவது, பட்டினி போடுவது, பூட்டி வைப்பது, ஓயாத வசவு, கண்டுகொள்ளாமல் விடுவது ஆகியவை வேறு வகை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இப்படிச் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் போக்சோவில் இருப்பதுபோல, தெரிந்தவர் எல்லோர் தலையிலும் விழும் புகார்க் கடமை இங்கே இல்லை. ‘கண்டிக்கத்தானே அடித்தேன்’ என்ற வாதத்துக்கும் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது: 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தில் செய்ததை பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆவது பிரிவு குற்றமாக எண்ணுவதில்லை; கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த வகையில்தான் சட்டத்தையும் சிகிச்சையையும் உண்மையிலேயே எடைபோட்டுப் பார்க்க முடியும்.

இரண்டும் கலந்திருந்தால் முதல் வகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

இன்றிரவுப் பாதுகாப்பை முதலில் சொன்னேன். அடுத்தது, குழந்தை நடந்ததை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும் என்பது. ஒவ்வொரு முறை சொல்வதும் ஒரு சுமை. போதாக்குறைக்கு, பல தடவை பல பேர் பல விதமாகக் கேட்டால் குழந்தையின் பதில்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் வரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிறகு அவற்றைத்தான் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது, எடுத்த அடியைப் பின்வாங்க முடியுமா. நான்காவது, மறுநாள் காலையில் வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருவார்கள். இதைப் பேசவே கூச்சப்படுகிறோம். ஆனால் பல அம்மாக்கள் வாயைத் திறக்காததற்கு மானம் மட்டும் காரணமில்லை, வாடகையும் காரணம். ஐந்தாவது, குழந்தைக்கான மனநலச் சிகிச்சை எப்போது தொடங்கும், அதில் யார் உட்காருவார்கள்.

## 1098, குழந்தைகள் நலக் குழு

1996இல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் எண் 1098, 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம். தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பெற்றோரிடமே திருப்பி அனுப்பலாம், ‘தகுதியான நபர்’ என்று ஏற்று உறவினரிடம் ஒப்படைக்கலாம், வளர்ப்புப் பராமரிப்புக்கு அனுப்பலாம், இல்லத்தில் சேர்க்கலாம்.

இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் சட்டம் சொல்கிறது. நடைமுறையில், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு ஆளாவது குழு முன் வந்து நிற்காவிட்டால் இல்லம்தான் முதல் வழியாகிவிடும். அதனால் 1098ஐ அழைப்பதற்கு முன்போ, அழைத்த அன்றோ, குழந்தை நம்பும் ஒரு பெரியம்மாவையோ பாட்டியையோ ஆசிரியையையோ கண்டுபிடியுங்கள். ஆதார், முகவரிச் சான்று, வருமானம் பற்றிய ஒரு தாள் ஆகியவற்றோடு குழு முன் வரச் சொல்லுங்கள். குழந்தையின் விருப்பத்தையும் குழு கேட்டாக வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பெரியது. வெளியேறுவது குழந்தை. பள்ளி மாறலாம், தம்பி தங்கையைப் பிரிய வேண்டியிருக்கலாம். ‘உண்மையைச் சொன்னதுக்கு என்னைத்தானே அனுப்பிட்டாங்க’ என்று பத்து வயதுப் பிள்ளை நினைத்தால் அதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது. பாலியல் விஷயம் என்றால், 1098இல் சொன்னதும் போலீஸுக்குப் போகும். இங்கே சொன்னால் ஸ்டேஷனைத் தவிர்த்துவிடலாம் என்பது தப்புக்கணக்கு.

வீட்டுக்குள் நம்பத் தகுந்த பெரியவர் ஒருவர்கூட இல்லாதபோது இதுதான் சரியான முதல் வாசல். நீங்கள் வெளியாளாக இருந்து, அம்மா குழந்தையை நம்பாமலிருந்தாலும் இதுதான். பட்டினி, புறக்கணிப்பு போன்ற, தண்டனையைவிட உதவி அதிகம் தேவைப்படும் வீடுகளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

## காவல் நிலையம்

தமிழ்நாட்டில் போக்சோ புகார்கள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகின்றன. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ‘எங்க லிமிட்டில் வராது’ என்று திருப்பி அனுப்ப முடியாது. போக்சோ தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கும் அதே 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு.

இந்தச் சட்டத்தில் குழந்தைக்குச் சாதகமாக எழுதியிருப்பவை பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதுமில்லை. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை என்பதற்காகப் பரிசோதனையையோ, போலீஸ் கடிதம் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையையோ மருத்துவமனை மறுக்கக் கூடாது. நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது.

ஒரே வீட்டில் வசிப்பவர்தான் குற்றவாளி என்று சந்தேகம் இருந்தால், 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி போலீஸ் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். குழந்தையை அந்த வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி கைதாகி, அம்மா குழந்தையின் பக்கம் நின்றால், குழந்தை அதே வீட்டில், அதே பள்ளியில், அதே படுக்கையில் தொடர முடியும். மற்ற எந்த வழியைவிடவும் இதில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். அந்தக் குழுதான் ‘ஆதரவு நபர்’ ஒருவரையும் நியமிக்கிறது. வழக்கு முடியும்வரை குழந்தையோடு கூடவே வருபவர் அவர். கேட்டு வாங்குங்கள். கேட்காத வீடுகளில் இந்த ஏற்பாடு தாளிலேயே நின்றுவிடுகிறது.

இனி செலவுக் கணக்கு. குழந்தை போலீஸிடம், மருத்துவரிடம், நடுவரிடம், நலக் குழுவிடம், கடைசியில் நீதிமன்றத்தில் என்று குறைந்தது நான்கைந்து இடங்களில் பேச வேண்டியிருக்கும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்து, முடிந்தவரை ஓராண்டில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆவது பிரிவு; நிஜத்தில் பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. நடுவில் ஜாமீன் வரும். ஜாமீன் மனு, விடுதலை போன்ற தகவல்களைப் போலீஸ் குழந்தையின் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், தெருமுனையில் அவரைப் பார்த்துத்தான் குழந்தை தெரிந்துகொள்ளும்.

இதைவிடக் கனமான செலவு ஒன்று இருக்கிறது. குடும்ப உறவினர் செய்தால் அது சாதாரணக் குற்றமாக அல்ல, கடுமையான வகையாகவே கணக்கில் எடுக்கப்படும். பாலியல் வன்கொடுமை என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. இதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குடும்பத்துக்குச் சொன்ன நாளிலிருந்து நெருக்கடி தொடங்குகிறது. மாமியார் அழுவார், நாத்தனார் காலில் விழுவார், ‘அப்பா சாகுற வரைக்கும் ஜெயில்லதான் இருக்கணுமா’ என்று குழந்தையிடமே கேட்பார்கள். கடுமையான தண்டனை குழந்தையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் வந்த திருத்தம்தான் அது. குடும்பத்துக்குள் நடக்கும் குற்றங்களில் அதே கடுமை பல குழந்தைகளைப் பிறழ்சாட்சியாக்குகிறது என்பது என் கணிப்பு.

‘பிறகு சமாதானமாகப் போய்க்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதைக் காரணம் காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராம்ஜி லால் பைர்வா வழக்கில் சொல்லிவிட்டது.

பணத்துக்கு வழி இருக்கிறது, சிறியது. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்கு நலக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம். வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீடு வழங்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதி இருந்தால், குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வழக்கறிஞரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், அழைக்க 15100.

## குடும்ப வன்முறைச் சட்டம்

இந்த ஐந்தில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். கணவன் மனைவி தகராறுக்கான சட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் அம்மா தன் பெயரில் மனு போட்டு, குழந்தைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கேட்கலாம். தன் வீட்டு ஆணால் வதைபடும் மகளும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவாள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுதித் தருவார். வக்கீல் வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

இதன் 19ஆவது பிரிவுதான் விசேஷம். வன்முறை செய்பவரை அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது இதற்குத் தடையில்லை. 21ஆவது பிரிவில் குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்கலாம். அப்பா பார்க்க வருவது குழந்தைக்குத் தீங்கு என்று தோன்றினால் அதையும் மறுக்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு தரலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. ஜீவனாம்சமும் இதே மனுவில் கேட்கலாம். வாடகைக் கவலைக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரே வழி இது. குழந்தை பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை என்பது இன்னொரு லாபம்.

ஓட்டைகளும் உண்டு. 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் தேதிகள் நீளும். வன்முறை செய்பவர் பெண்ணாக இருந்தால், மாமியாராகவோ சித்தியாகவோ, அவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவு கிடைக்காது. அம்மா குழந்தையின் பக்கம் இல்லையென்றால் இந்த வழி பெரும்பாலும் படுத்துவிடும். பாலியல் விஷயத்தை மனுவில் எழுதினால் போக்சோ கடமை தீர்ந்தது என்றும் ஆகாது. போலீஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

குடித்துவிட்டு வந்து மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கும் அப்பா என்ற, நம் ஊரில் மிகச் சாதாரணமாகிவிட்ட நிலைக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தச் சட்டத்தைத்தான்.

## சிகிச்சையை மட்டும் முதலில்

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் சிகிச்சையைக் கேட்கவில்லை, ரகசியத்தைக் கேட்கிறார்கள். பாலியல் விஷயத்தில் அந்த ரகசியம் கிடைக்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களுக்குப் பாதுகாப்பு தந்தாலும், போக்சோவின் புகார்க் கடமை மனநல மருத்துவரையும் கட்டும். நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவார். சொல்லாமல் ‘நமக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் சட்டத்துக்கு அப்பாற்பட்டது. ஆபத்து வீட்டிலேயே இருக்கும்போது குழந்தையின் பயம் நோய் அல்ல. இரவில் தூங்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நன்றாகத் தூங்கப் பயிற்சி கொடுத்தால், அதன் ஒரே காவலையும் பறித்தவர்களாவோம்.

பாதுகாப்பு வந்த பிறகு சிகிச்சையின் பலன் பெரியது. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டு நன்கு ஆய்வு செய்யப்பட்ட முறை; சாதாரணமாக 12 முதல் 16 அமர்வுகள். இதில் குழந்தையோடு, தவறில் பங்கில்லாத பெற்றோரும் அமர்வார். அந்தப் பெரியவர் குழந்தையை நம்புகிறாரா, பக்கத்தில் நிற்கிறாரா என்பது குணமாவதைத் தீர்மானிக்கும் முக்கியமான காரணிகளில் ஒன்று என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தவறு செய்தவரையும் குழந்தையையும் ஒரே அறையில் உட்காரவைத்து ‘குடும்ப கவுன்சிலிங்’ நடத்துவது இதற்கு நேர் எதிரானது. குழந்தையைப் பயமுறுத்திப் பேச்சை வாபஸ் வாங்க வைக்க அதைவிட நாகரிகமான ஏற்பாடு கிடையாது.

வழக்கு நடக்கும்போது சிகிச்சை கொடுத்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்று சில வழக்கறிஞர்களே பயமுறுத்துவார்கள். சாட்சி முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சட்டத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. ஆலோசகரிடம் வழக்கு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காமல் பயம், தூக்கம், படிப்பு ஆகியவற்றில் அவர் தொடங்கலாம்.

அடி, வசவு வகையில் நிலைமை வேறு. அடிக்கும் பெற்றோர் தானே முன்வந்து ‘என்னால கட்டுப்படுத்த முடியல’ என்று சொன்னால், காயம் தீவிரமில்லை என்றால், சிகிச்சையே முதல் வழியாக இருக்கலாம். இரண்டு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பெற்றோர் - குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, அடித்துப் பழகிய பெற்றோர் மறுபடி அடிப்பதைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸின் குழந்தை மனநலப் பிரிவு ஆகியவை அரசுத் தரப்பில் தொடங்கும் இடங்கள். சென்னையில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்கென்றே துளிர் அமைப்பு இயங்குகிறது. தொலைபேசியில் தமிழில் பேச அரசின் இலவச மனநல உதவி எண் 14416.

## பேசித் தீர்ப்பது

ஊர்ப் பெரியவர், சாதிச் சங்கம், இரண்டு பக்கத்துத் தாய்மாமன்கள் கூடி ‘இனி அந்த வீட்டுக்கு வரமாட்டான்’ என்று எழுதி வாங்குவது. பாலியல் விஷயத்தில் இது எல்லோரையும் 21ஆவது பிரிவுக்குள் தள்ளும். அடுத்த கல்யாணத்திலோ காதுகுத்திலோ அவர் வந்து நிற்பார். அடுத்த குழந்தையும் அதே கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் இந்த வழியை எடைபோட ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியேறுபவர் | குழந்தை பேச வேண்டியது | பின்வாங்கல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 1098, நலக் குழு | பெரும்பாலும் குழந்தை | குழு, சமூகப் பணியாளர் | குழு உத்தரவை மாற்றலாம் | பள்ளி, உடன்பிறப்புகளைப் பிரிதல் |
| காவல் நிலையம் | கைதானால் குற்றவாளி | நான்கைந்து இடங்கள் | முடியாது | சாட்சியை மாற்றச் சொல்லும் நெருக்கடி, வருமானம் |
| குடும்ப வன்முறைச் சட்டம் | உத்தரவு கிடைத்தால் வன்முறை செய்பவர் | பெரும்பாலும் தேவையில்லை | மனுவை வாபஸ் வாங்கலாம் | அம்மாவின் உறுதியை நம்பியே நிற்கும் |
| சிகிச்சை மட்டும் | யாருமில்லை | ஆலோசகர் | எப்போதும் முடியும் | ஆபத்து வீட்டிலேயே தொடரும் |
| பேசித் தீர்ப்பது | வாக்கு அளவில் குற்றவாளி | யாரும் கேட்பதில்லை | பொருந்தாது | அடுத்த குழந்தை |

## எந்த வீட்டுக்கு எது

அப்பாவோ மாற்றாந்தந்தையோ செய்த பாலியல் குற்றம், அம்மா குழந்தையை நம்புகிறார்: நேரே காவல் நிலையம். அதே வாரம் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வீட்டில் வசிக்கும் உரிமைக்கும் ஜீவனாம்சத்துக்கும் மனு. ஜாமீனில் வருபவர் வீட்டுக்குத் திரும்பாமலிருக்க அந்த இரண்டாவது தாள் உதவும்.

அம்மா நம்பவில்லை: 1098. உறவினரிடம் குழந்தையை ஒப்படைக்கச் சொல்லிக் குழு முன் கேளுங்கள். அம்மாவின் மனம் சில வாரங்களில் மாறுவதும் நடக்கும். அப்போது குழுவிடமே மறுபடி கேட்கலாம்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறது: இதுதான் மிகச் சிக்கலானது. ‘குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பொய்ப் புகார்’ என்ற பதில் நிச்சயம் வரும். முதல் பதிவு உங்கள் வக்கீல் நோட்டீஸாக இல்லாமல், அரசு மருத்துவமனை அல்லது 1098 வழியாக அமையட்டும். குழந்தையைக் கேள்வி கேட்டு செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்ததற்குச் சாட்சியாக அதையே காட்டுவார்கள். குழந்தை தானாகச் சொன்ன வார்த்தைகளை, சொன்ன தேதியோடு, அப்படியே எழுதி வைத்தால் போதும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

செய்தது 18 வயது நிரம்பாத அண்ணனோ அத்தை மகனோ: புகார்க் கடமை அப்படியே இருக்கிறது. ஆனால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே நோக்கம் திருத்துவது. இருவரையும் உடனே வேறு வேறு வீடுகளில் வையுங்கள், இருவருக்கும் தனித்தனி ஆலோசகர் தேடுங்கள். அந்தப் பையன் இதை எங்கிருந்து கற்றான் என்றும் யாராவது கேட்க வேண்டும். அவனும் வதைபட்டிருக்கலாம்.

சின்ன வயதில் நடந்தது, இப்போது நீங்களே பெரியவர்: இங்கே சிகிச்சையை முன்னால் வைப்பதில் தவறில்லை. போக்சோ 2012 நவம்பர் 14க்கு முன் நடந்தவற்றுக்குப் பொருந்தாது; பழைய தண்டனைச் சட்டம்தான். கடும் குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. அந்த ஆள் இன்றும் ஏதோ ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் வசிக்கிறார் என்றால், காத்திருக்க நேரமில்லை.

## குழந்தை பேச்சை மாற்றினால்

எந்த வழியில் போனாலும் இதற்குத் தயாராக இருங்கள். 2007இல் அமெரிக்காவில் 257 குழந்தைகளின் பாலியல் வன்முறை வழக்குகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 23 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று மாற்றிச் சொன்னதைக் கண்டார்கள். வயது குறைந்தவர்கள், பெற்றோர் நிலையில் இருந்தவரால் பாதிக்கப்பட்டவர்கள், மற்ற பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்கள்தான் அதிகம் மாற்றிச் சொன்னார்கள். முதலில் சொன்னது பொய் என்று மட்டும் இதற்கு அர்த்தம் எடுக்க முடியாது. வீட்டில் எல்லோரும் அழுவதற்குத் தான்தான் காரணம் என்று குழந்தைக்குத் தோன்றியிருந்தாலும் இதுவேதான் நடக்கும்.

அப்போது ‘எது உண்மை, சொல்லு’ என்று உலுக்காதீர்கள். சாப்பாடு, பள்ளி, தூக்கம் எல்லாம் வழக்கப்படி நடக்கட்டும். அந்த வாரமே ஆதரவு நபருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் ஆலோசகருக்கும் தெரிவித்துவிடுங்கள். கடந்த சில நாட்களில் வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள், குழந்தையிடம் யார் தனியாகப் பேசினார்கள், யார் போனைக் கொடுத்துப் பேச வைத்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.